பூட்டிக் கிடக்கும் வீடுகளும் வீடு தேடும் நம்ம பெண்களும்

(இராஜாக்கமங்கலம் வட்டார மகளிர் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, வங்கிக் கடன், தொழில் பத்தியெல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க நல்லா சொல்லிட்டாவ. எனக்குக் கொடுத்த தலைப்பு "அனைவருக்கும் வீடு". அது பெரிய தலைப்பு. அதுல ஒரு ஓரத்தைத்தான் நான் எடுத்துக்கிடப் போறேன். புது வீடு கட்டுறதைப் பத்தி இல்லை, ஏற்கெனவே கட்டி, பூட்டிப் போட்டிருக்கிற வீடுகளைப் பத்தி.

இங்க வர்ற வழியிலயே பாத்திருப்பிய. ஈத்தாமொழிப் பக்கம் இருந்து வந்தாலும் சரி, கணபதிபுரம் பக்கம் இருந்து வந்தாலும் சரி, தென்னந்தோப்புக்கு நடுவுல ஒரு ஓட்டு வீடு. முத்தத்துல முழங்கால் அளவு புல்லு. படிப்புரை ஓடு சரிஞ்சு கிடக்கும். கேட்டுல துருப்பிடிச்ச பூட்டு. அதுக்கு அடுத்தாப்ல ஒரு மாடி வீடு, பெயிண்ட் மங்காம இருக்கும், ஆனா ஜன்னல் திறந்து வருஷக்கணக்காச்சு. ஒண்ணு பெரியவங்க செத்துப் போன வீடு. இன்னொண்ணு பிள்ளைங்க கல்ஃபுல சம்பாதிச்சுக் கட்டி, பால் காய்ச்சிட்டு, திரும்பிப் போன வீடு. சிலர் நாகர்கோவிலுக்குப் போயிட்டாவ, சிலர் சென்னைக்கு, திருவனந்தபுரத்துக்கு. சாவி பக்கத்து வீட்டுல இருக்கும்.

அதே தெருவுலதான் நம்ம குழுப் பிள்ளைங்க இருக்காவ. ஒரே அறையில ஆறு பேர். அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம், ஒரே அடுக்களை, தினமும் சண்டை. புருஷன் இல்லாதவ அண்ணன் வீட்டுச் சாய்ப்புல பெண்பிள்ளைகளோட ஒதுங்கிக் கிடக்கா. நாம மாசா மாசம் கூட்டம் போட்டு நூறு, இருநூறுன்னு சேமிக்கிறோம். அந்தச் சேமிப்பை வாடகை தின்னுது.

புதுசா கட்டிக்கிடலாமேன்னு கேப்பாவ. கட்டலாம், இடம் வேணும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். மாநில சராசரிக்கு சரியா ரெண்டு மடங்கு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல இருக்கிற நிலத்துக்கு வயலும் தோப்பும் வீடும் போட்டி போடுது. ஒரு சென்ட் விலை கேட்டா தலை சுத்தும். அதனாலதான் நாஞ்சில் நாட்டு வயலையெல்லாம் மண் போட்டு நிரப்பி பிளாட் போடுறாவ. நெல்லு விளைஞ்ச இடத்துல கல்லு நட்டிருக்காவ.

அரசாங்கத் திட்டங்கள் இல்லாம இல்லை. நல்ல திட்டங்கள்தான். கலைஞர் கனவு இல்லம் 2024ல் வந்தது. 360 சதுர அடி வீடு, மூணரை லட்சம் ரூபாய். பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம் 2016ல் இருந்து இருக்கு. நம்ம குழுவுலயே இப்படி வீடு வாங்கினவங்க உண்டு. ஆனா இதெல்லாம் சொந்தமா இடம் இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கை கொடுக்கும். பட்டா இல்லாதவ, வாடகைக்கு இருக்கிறவ, அண்ணன் வீட்டுச் சாய்ப்புல இருக்கிறவ, இவங்க வரிசையில கடைசி. சிலர் வரிசையிலேயே இல்லை. 2000-01க்கு முன்னால அரசுத் திட்டத்துல கட்டின வீடுகளைப் பழுது பார்க்கவும் ஊரகத்துல ஒரு திட்டம் வந்திருக்கு. தகுதி உள்ளவங்க ஊராட்சியில கேட்டுப் பாருங்க. ஆனா தனியார் பூட்டிப்போட்ட வீட்டைச் சரி பண்ணி இன்னொருத்தரைக் குடிவைக்க ஒரு திட்டமும் நம்மகிட்ட இல்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டும்னு நினைக்க வேண்டாம். அதே 2011 கணக்குல இந்தியா முழுக்கக் காலியாக் கிடந்த கட்டடங்கள் 2 கோடியே 46 லட்சம். நகரங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். அடுத்த வருஷம், 2012ல், மத்திய அரசு அமைச்ச நிபுணர் குழு, நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடு பற்றாக்குறைன்னு சொல்லிச்சு. பற்றாக்குறையும் காலி வீடும் ஒரே ஊர்ல! பக்கத்துல கேரளாவுல பத்து லட்சத்துக்கு மேல வீடு காலி. 2023 பட்ஜெட்ல அங்க பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் தனி வரி போடப் போறோம்னு சொன்னாவ. வெளிநாட்டுல இருக்கிறவங்க சத்தம் போட்டதும் அந்த மாசமே வேண்டாம்னு விட்டுட்டாவ. எனக்கும் வரி போடுறதுல பெரிய நம்பிக்கை இல்லை. வரியைக் கட்டிட்டுப் பூட்டிப் போடுவாவ, அவ்வளவுதான்.

அப்போ ஏன் பூட்டிப் போடுறாவ? இதை நான் நிறைய பேருகிட்ட கேட்டிருக்கேன். வாடகைப் பணம் வேண்டாம்னு யாரும் சொல்லலை. எல்லாருக்கும் பயம்.

முதல் பயம், "பன்னெண்டு வருஷம் இருந்தா வீடு அவளுக்குப் போயிரும்." டீக்கடையில இருந்து துபாய் வரைக்கும் இந்தப் பேச்சு. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்துல பன்னெண்டு வருஷக் கணக்கு இருக்கிறது உண்மைதான். ஆனா அது யாருக்கு? உரிமையாளர் அனுமதி இல்லாம, "இது என் வீடு"ன்னு அவருக்கு எதிரா, எல்லாரும் அறிய அனுபவிச்சவனுக்கு. வாடகைச் சீட்டு எழுதி, சம்மதத்தோட குடியிருக்கிறவ எத்தனை வருஷம் இருந்தாலும் அவ வாடகைதாரர்தான். அதனால ஒப்பந்தப் பத்திரம் முதல்ல காப்பாத்துறது வீட்டுக்காரரைத்தான். ஆளே இல்லாம, வேலி சரிஞ்சு, எல்லைக்கல்லு காணாமப் போற வீட்டுக்குத்தான் ஆபத்து. இதை நாம அவங்களுக்குப் பொறுமையாச் சொல்லணும்.

ரெண்டாவது, பங்கு. அம்மா அப்பா பேர்ல பட்டா. பிள்ளைங்க அஞ்சு பேர், அஞ்சு ஊர்ல. வாரிசுச் சான்று வாங்கலை, பாகம் பிரிக்கலை. ஒருத்தர் விக்கணும்னு சொல்லுவார், ஒருத்தர் இடிக்கணும்பார், ஒருத்தர் போனே எடுக்க மாட்டார். எல்லாருமா சேர்ந்து முடிவெடுக்க ஆகிற ஒரே காரியம் பூட்டுப் போடுறது.

இங்க பெண்கள் விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்தது. அப்பத்திய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்குல கால்வாசி, அல்லது அஞ்சாயிரம் ரூபாய், எது குறைவோ அது. கோட்டயத்துல மேரி ராய் அம்மா வழக்குப் போட்டு, 1986ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லிச்சு. இந்துக் குடும்பங்களில், தமிழ்நாட்டில் 1989லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துது, 2005ல் நாடு முழுக்க வந்துது. அப்படின்னா, பூட்டிக் கிடக்கிற எத்தனையோ வீட்டுல நம்ம பெண்களுக்கும் பங்கு இருக்கு. ஸ்ரீதனம் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சுன்னு சொல்லி அவங்ககிட்ட யாரும் கேக்கிறதே இல்லை. வீடு கொடுக்கலாமா வேண்டாமான்னு பேசப் போகும்போது அண்ணன் தம்பிமாரிடம் மட்டும் பேசிட்டு வராதிய. அக்கா தங்கச்சிகிட்டயும் பேசணும், அவங்க கையெழுத்தும் வேணும். நியாயத்துக்காக மட்டும் சொல்லலை. அவங்க கையெழுத்து இல்லைன்னா நாளைக்கு அந்த ஒப்பந்தமே தகராறாகும்.

மூணாவது பயம் சின்னது மாதிரி இருக்கும், ஆனா பெருசு. "ரேஷன் கார்டை என் வீட்டு நம்பர்ல மாத்திட்டாவன்னா?" ரேஷன் கார்டு முகவரி வெச்சு யாருக்கும் வீடு சொந்தமாகாது. ஆனா இதைச் சொல்லி நம்ப வைக்கிறதுக்குள்ள தொண்டைத் தண்ணி வத்திப் போகும். விலை ஏறட்டும்னு காத்திருக்கிறவங்களும் உண்டு. அவங்ககிட்ட நான் ரொம்ப நேரம் நிக்கிறது இல்லை.

இனி நடந்த ஒண்ணைச் சொல்லுதேன். எங்க குழு உறுப்பினர் ஒருத்தி. பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. கயிறு திரிக்கிற வேலை, ரெண்டு பெண்பிள்ளைங்க, புருஷன் இல்லை. நான் முதல்ல சொன்ன அண்ணன் வீட்டுச் சாய்ப்பு இவளோடதுதான். எங்க தெருவுலயே ஒரு டீச்சரம்மா வீடு, ஓட்டு வீடு, டீச்சரம்மா போய்ச் சேர்ந்த பிறகு பூட்டிக் கிடந்தது. மூத்த மகன் பஹ்ரைன்ல, இளையவர் சென்னையில, மகள் மார்த்தாண்டத்துல. நாங்க மூணு பேருகிட்டயும் பேசினோம். ஒரு நாள்ல நடக்கலை, எத்தனையோ மாசம். மூத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா பண்ணுவாளா?" குழு எழுதிக் கொடுத்தது. மகள்தான் கடைசியில தம்பிகளைச் சம்மதிக்க வெச்சாவ. "அம்மா அடுக்களையில பெருச்சாளி இருக்கிறதுக்கு ஒரு மனுஷி இருக்கட்டும்"னு சொன்னாவ.

பழுது வேலைக்கு 58,000 ரூபாய் ஆச்சு. குழுவுல கடன் எடுத்தோம். வாடகை மாசம் 2,000னு பேசி, 29 மாசம் வாடகையா அந்தக் காசு கழியும்னு எழுதினோம். மூணு வருஷப் பத்திரம், பதிவு பண்ணினது. வீட்டுக்காரருக்குக் கையில இருந்து ஒரு பைசா செலவில்லாம வீடு நின்னுது. கடன் வட்டியை மட்டும் அவ போட்டா. ஊர்ல சிலர் இது சரியில்லைன்னு சொன்னாவ, எனக்கும் அப்படித்தான் படுது. அடுத்த வீட்டுக்கு வட்டியையும் வாடகையில கழிக்கணும்.

இப்போ ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கு. 10,000 ரூபாய் இன்னும் கழியணும். இளையவர் விக்கணும்னு ஆரம்பிச்சிருக்கார். பத்திரத்துல அதுக்கும் ஒரு வரி இருக்கு: நடுவுல விக்க வேண்டி வந்தா மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மூணு மாசம் முன்னறிவிப்பு கொடுக்கணும்னு. பணம் வந்திரும், ஆனா அந்தப் பெண்பிள்ளைங்க மறுபடி எங்க போகும்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை. மூணு வருஷத்துக்குப் பதிலா அஞ்சு வருஷம் கேட்டுப் பாருங்கன்னுதான் உங்களுக்குச் சொல்லுவேன். பதினோரு மாசச் சீட்டு போதும்னு சிலர் சொல்லுவாவ. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா பதிவு பண்ணணும், அந்தச் செலவுக்குப் பயந்துதான் பதினோரு மாசம். சும்மா குடியிருக்க அது போதும். நம்ம காசு போட்டு ஓடு மாத்துறதுக்கு அது போதாது. நம்ம பக்கத்து ஒத்தி முறையும் உண்டு, மொத்தமாப் பணம் கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கிறது. அந்த மொத்தப் பணம் நம்ம ஆளுககிட்ட இருக்காது. இருந்தாலும் ஒத்தியையும் பதிவு பண்ணாம வெறும் முத்திரைத்தாள்ல எழுதி ஏமாறாதிய. வெளிநாட்டுல இருக்கிறவர் அதிகாரப் பத்திரம் அனுப்பினா, அங்க இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கியிருக்கணும், இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும். பேச்சுத் தொடங்கும் முன்னாலயே வில்லங்கம் போட்டுப் பாத்திருங்க. பதிவுத்துறை இணையதளத்துலயே பாக்கலாம்.

வீட்டைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். எல்லாப் பூட்டின வீடும் குடியிருக்க ஆகாது. ஒரு ஓட்டு வீடு எப்படிச் சாகும்? நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தேங்காய் விழுந்தோ குரங்கு ஏறியோ நாலு ஓடு விலகும். தண்ணி கழுக்கோல்ல இறங்கும், பட்டியல் இத்துப் போகும், சுவர்த்தலை நனையும். பழைய சுவர் மண்சாந்துலயோ சுண்ணாம்புலயோ கட்டினது, நனைஞ்சா கரையும். அந்த வருஷம் நாலு ஓடு மாத்தியிருந்தா நூறு, இருநூறு ரூபாய் காரியம். அஞ்சாறு மழைக்காலம் விட்டா மொத்தக் கூரையும் உள்ள உக்காந்திரும். 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் வந்தப்போ ஆள் இருந்த வீட்டுல மறுநாளே தார்ப்பாய் போட்டு மூடினாவ. பூட்டின வீட்டுல யார் மூட? அதுல சாஞ்சதெல்லாம் அப்படியே போச்சு.

ஆனாலும் ஓட்டு வீட்டுல ஒரு நல்ல குணம், போன பாகத்தை மட்டும் மாத்தலாம். ஆசாரியைக் கூட்டிட்டுப் போய் ஒரு ஸ்குரூ டிரைவரால கழுக்கோலைக் குத்திப் பாக்கச் சொல்லுங்க, உள்ள போச்சுன்னா செல்லரிச்சிருக்கு. சுவர் வயிறு தள்ளியிருக்கா, மூலையில சாய்வா வெடிப்பு இருக்கான்னு கொத்தனார் பாக்கணும். கடற்கரைப் பக்கத்துக் கான்கிரீட் வீட்டுலதான் எனக்குப் பயம் அதிகம். பள்ளம்துறை, இராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் போய்ப் பாருங்க, உப்புக்காத்துல உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு வீங்கி, சிலாப் பொளபொளன்னு உதிரும். வெளியில பெயிண்ட் நல்லா இருக்கும். தலைக்கு மேல பழுப்புக் கறையும் கம்பியும் தெரிஞ்சா அந்த வீட்டை விட்டிருங்க, பொறியாளர் பாக்காம ஒரு குழந்தையைக் குடிவைக்கக் கூடாது. பிறகு கிணறு இறைச்சு பிளீச்சிங் பவுடர் போடணும், கக்கூஸ் இருக்கா, ஒயரிங் எலி கடிச்சிருக்கான்னு பாக்கணும். டீச்சரம்மா வீட்டுச் செலவுல பாதி கக்கூஸுக்கும் ஒயரிங்குக்கும்தான்.

ஆக முடியாத வீடுன்னாலும் ஓடும் கதவும் வீணில்லை. செட்டிநாட்டுல பெரிய வீடுகளை இடிச்சு பர்மா தேக்குத் தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளில் விக்கிறாவ, வாங்குறது ஹோட்டல்காரங்க. நம்ம பக்கத்துலயும் பழைய மர வியாபாரி வந்து மலிவா அள்ளிட்டுப் போறார். திருவனந்தபுரத்துல இருந்த லாரி பேக்கர், 2007ல் காலமானவர், இடிச்ச வீட்டு ஜன்னலையும் பழைய ஓட்டையும் வெச்சே எத்தனையோ வீடு கட்டிக் கொடுத்தார். கான்கிரீட்டுக்கு நடுவுல பழைய ஓட்டை அடுக்கி சிமெண்டும் கம்பியும் மிச்சப்படுத்தின கூரை அவரால பரவினது. மேரி ராய் அம்மாவோட பள்ளிக்கூடத்தைக் கட்டினதும் அவர்தான், இது சும்மா ஒரு தகவலுக்கு.

வெளிநாட்டுல என்ன பண்றாவன்னு பாத்தா, ஜப்பான்ல 2023 கணக்குப்படி 90 லட்சம் வீடு காலி, மொத்தத்துல 13.8 சதவீதம். அங்க காலி வீட்டுக்கு அகியான்னு பேரு. ஊராட்சியே "அகியா வங்கி"ன்னு ஒரு பதிவேடு வெச்சு, வீட்டுப் படம், விவரம் போட்டு, தேவைப்படுறவங்களையும் உரிமையாளரையும் சேர்த்து வைக்குது. அயர்லாந்துல இன்னும் ஒரு படி மேல. ஒரு வருஷம் காலியா கிடந்த வீட்டைச் சரி பண்ண உள்ளாட்சி வட்டியில்லாக் கடன் கொடுக்குது, பதிலுக்கு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து வீடில்லாதவங்களுக்குக் கொடுக்குது, கடனை வாடகையில கழிக்குது. வாட்டர்ஃபோர்டுங்கிற ஊர்ல இதை நல்லா நடத்துறாவ. டீச்சரம்மா வீட்டுக் கணக்கும் அதேதானே? இங்க உள்ளாட்சி செய்யாததை நம்ம கூட்டமைப்பு சின்ன அளவுல செய்யலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடு கடற்கரை முழுக்க வீடு கட்டிக் கொடுத்தாவ. 2005 மார்ச் அரசாணைப்படி கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயும் பட்டா, அது பெரிய காரியம். ஆனா கடலை விட்டுத் தள்ளிக் கட்டின சில குடியிருப்புகளில் ஆள் தங்கலை. வள்ளமும் வலையும் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்னா எப்படி இருப்பாவ? அதனால கயிறு வேலை செய்றவளைக் கயிறுக் களம் இல்லாத ஊர்ல, மீன் விக்கிறவளைத் துறையை விட்டு தூரத்துல, சும்மா வீடு காலியா இருக்குன்னு கொண்டு வைக்கக் கூடாது. அவளையே கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டுத்தான் பேசணும்.

கூட்டத்துல ஒரு படிவம் கொடுத்திருக்கோம். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் தங்கள் பகுதியில பூட்டிக் கிடக்கிற வீடுகளை எழுதணும். கதவு எண், எத்தனை வருஷமாப் பூட்டு, சாவி யார்கிட்ட, கூரை எப்படி, கிணறு உண்டா, வாரிசுகள் எங்க. யாரும் சுவரேறிக் குதிச்சு உள்ள போய்ப் பாக்கக் கூடாது, வெளியில நின்னு தெரியுறதை மட்டும் எழுதினா போதும். இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்புல போடவே கூடாது. எந்த வீட்டுல ஆள் இல்லைன்னு திருடனுக்கு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். நோட்டுல எழுதி, செயலாளர் கையில கொடுங்க. இன்னொரு படிவம் வீடு வேண்டியவங்களுக்கு. எத்தனை பேர், என்ன வேலை, பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடம், மாசம் எவ்வளவு கொடுக்க முடியும். கூச்சப்பட்டு எழுதாம விட்டிருவாவ, தலைவிகள் வீடு தேடிப் போய்க் கேக்கணும்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு ரெண்டு படிவமும் வந்தா, ஐப்பசி மழைக்கு முன்னால ஓடு மாத்தக் கூடிய வீடு எதெதுன்னு அன்னைக்கே உக்காந்து பாத்திரலாம். கூட்டம் காலையில பத்து மணிக்கு.